பாரதக் கூத்தும் நம் பிள்ளைகளும்

போளூர்த் தாலூகா கிராமங்களில் பங்குனி பிறந்துவிட்டால் திரௌபதியம்மன் கோவில்களில் பாரதக் கொடி ஏற ஆரம்பித்துவிடும். அது முதல் ஆடி வரையில் ஊருக்கு ஊர் மாறி மாறி "அக்னி வசந்த விழா" என்னும் பெயரால் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவில் தெருக்கூத்துமாக நடந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்து விடுமுறையும் அந்தச் சமயத்திலேதான் வருகின்றது. ஆகவே, வீட்டுப் பிள்ளைகள் கூத்துக்குப் போகவேண்டுமென்று நச்சரிப்பதும், நம் தோழர்கள் என்ன சொல்லுவதென்று தெரியாமல் விழிப்பதும் வருஷா வருஷம் நடக்கிற காரியமாக இருந்து வருகின்றது.

இதில் நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றார்கள். ஒரு சாரார், "அது புராணக் குப்பை, நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது" என்று சொல்லிவிடுகின்றார்கள். மற்றொரு சாரார், "நான் வரமாட்டேன், உன் அம்மாளோடும் மாமனோடும் போய் வா" என்று அனுப்பிவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்கின்றார்கள். முதல் சாராராவது ஏதோ ஒரு கொள்கையைச் சொல்லுகின்றார்கள். இரண்டாவது சாராரோ ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் பகுத்தறிவு பேசிவிட்டுத் தன் பெண்டு பிள்ளைகளுக்கு மாத்திரம் பேச மறந்துபோனவர்கள் என்றுதான் சொல்லவேண்டும். நம் அபிப்பிராயம் என்னவென்றால், கூத்துக்குப் போகவேண்டியது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகவேண்டியது, தகப்பனும் கூடவே போகவேண்டியது என்பதுதான்.

ஏனெனில், கூத்து வேறு, தீமிதி வேறு. ஒன்று மனிதன் தன் உடம்பாலும் தொண்டையாலும் செய்யும் வேலை. மற்றது அந்த வேலையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் பக்தி. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு வேஷக்காரன் பாடுவதையும், திரை விலகியதும் தோளிலும் தலையிலும் மரத்தால் செய்த கட்டைகள் கண்ணாடிச் சில்லுகளோடு மின்ன அவன் கிறுகிறுவென்று சுற்றி வருவதையும், மத்தளமும் தாளமும் முகவீணையும் அவன் காலோடு போட்டி போடுவதையும் ஒரு தரம் பார்த்த குழந்தை ஆயுசுக்கும் மறக்காது. கட்டியங்காரன் இருக்கின்றானே, அவனைவிட நல்ல சுயமரியாதைப் பிரசாரகன் கிடைப்பது அரிது. ராஜாதிராஜன் வந்து நின்றால், "நீ யார், எந்த ஊர், என்ன வேலை?" என்று கேட்டு, கிரீடத்தைப் பார்த்துக் கேலி பேசி, உள்ளூர் மிராசுதாரையும் பஞ்சாயத்துக்காரரையும் சந்தடி சாக்கில் ஒரு வாங்கு வாங்குகிறவன் அவன்தானே! அரசனைப் பார்த்துச் சிரிக்கலாமென்பதை எந்தப் பாடப்புஸ்தகம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றது?

கூத்தென்றால் புராணம் மாத்திரம்தான் என்பதும் சரியல்ல. நம் ஜில்லாவைச் சேர்ந்த புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியில் வந்த குழுவினர், பிரெக்ட் என்ற ஜெர்மானிய நாடகாசிரியரின் 'காக்கேசியச் சுண்ணாம்பு வட்டம்' கதையைக்கூடக் கூத்தாக ஆடியிருக்கின்றார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த இந்தத் தொழிலில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் படித்துக்கொண்டே ஆடக் கற்றார்கள். பெண்ணுக்குக் கட்டை கனக்கும், கூத்து வராது என்று சொன்ன வாய்களெல்லாம் அதைப் பார்த்து என்ன சொல்லிற்றோ நமக்குத் தெரியாது. ஆகவே, "பையன் போகட்டும், பெண் வீட்டிலிருக்கட்டும்" என்கிற பேச்சு நம் வீடுகளில் இருக்கவே கூடாது.

போவதென்று தீர்மானித்தால் ஒழுங்காகப் போகவேண்டும். பத்து நாளோ இருபது நாளோ நடக்கிற விழாவில் எல்லா இரவும் பிள்ளைகளை விழிக்க வைப்பது மூடத்தனம். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைக்கு இரண்டு இரவு போதும். அன்று பகலில் நன்றாகத் தூங்க வைக்கவேண்டும். கைக்குழந்தையை முன்னிரவோடு வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும். ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேரே பாயை விரிக்கக்கூடாது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல் நடுநிசி 12 மணி வரை சர்க்கார் தளர்த்தலாம். இதைக் காட்டிக் கூத்தையே போலீசார் நிறுத்தும்போது ஊரார் கோபிக்கின்றார்கள். குழாய் வருவதற்கு முன்னே தொண்டையைக் கொண்டே விடிய விடிய ஆடினவர்கள்தானே கூத்தாடிகள்? குழாயை நிறுத்திவிட்டு நெருங்கி உட்கார்ந்து கேட்டால் கூத்தும் நன்றாயிருக்கும், பிள்ளைகள் காதும் பிழைக்கும். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் தகப்பன் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதின சீட்டு ஒன்று இருக்கட்டும். ஒரே மோட்டார் சைக்கிளில் ஐந்து பேர் ஏறி நடுநிசியில் போளூர் ரோட்டில் வருவதற்குப் பதிலாக, உறவினர் வீட்டில் படுத்திருந்து விடிந்த பிறகு பஸ்ஸில் வரலாம்.

உறவினர் வீடு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பாரதம் நடக்கிற ஊரில் விருந்தாளிகள் மொய்க்கின்றார்கள். ஆடு அடிப்பதற்கும் துணி எடுப்பதற்கும் நகையை அடகு வைக்கிற குடும்பங்கள் உண்டு. ஊரெல்லாம் கூத்துப் பார்க்க, அந்த வீட்டுப் பெண்கள் மாத்திரம் புகையிலே உட்கார்ந்து விடியற்காலம் வரை சமைத்துக்கொண்டிருப்பார்கள். போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோகட்டும். அந்த வீட்டு அம்மாளையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்கார வைக்கட்டும். திரௌபதையின் கஷ்டத்துக்குக் கண்ணீர் விடுகிறவர்கள் அடுப்படியிலிருப்பவளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டாமா?

எந்த இரவுக்குப் போவதென்றால், சூதும் துகிலும் ஆடுகிற இரவுக்கு அவசியம் போகவேண்டுமென்போம். தருமன் நாட்டை வைத்துத் தோற்கின்றான். தம்பிகளை வைத்துத் தோற்கின்றான். தன்னை வைத்துத் தோற்கின்றான். கடைசியில் பெண்டாட்டியை வைக்கின்றான். சபைக்கு வா என்று இழுக்க வந்தவனிடம் திரௌபதை ஒரு கேள்வி கேட்டனுப்புகின்றாள்: அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன பாத்தியதை? இந்தக் கேள்விக்குப் பீஷ்மர் முதலிய பெரியவர்களெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் கதை. ஆகவே, மகாபாரதத்தில் நமக்கு வேண்டிய கேள்வியை அந்த அம்மாளே கேட்டு வைத்திருக்கின்றாள். அதற்குப் பதில் கிடைக்காத இடத்தில்தான் கிருஷ்ணன் துணி கொடுக்க வருகின்றான். மறுநாள் காலையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பதில் ஏன் வரவில்லை? தன்னைத் தோற்காமலிருந்தால் மாத்திரம் பெண்டாட்டியை வைக்கலாமா? பெண்டாட்டி என்ன ஆடா மாடா?" என்று கேளுங்கள். பத்து வயதுப் பெண் சொல்லும் பதில் பாரதப் பிரசங்கியாரின் வியாக்கியானத்தைவிடத் தேவலையாயிருக்கும். கர்ண மோட்சத்தன்றும் இப்படியே. தேரோட்டி மகன் என்று சொல்லி அவன் வில்வித்தையை மட்டம் தட்டினது யார், எதனால் என்பது காலனிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கும்; ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

அர்ச்சுனன் தபசில் உயரமான மரத்தின்மேல் ஏறிக்கொண்டு வேஷக்காரன் எலுமிச்சம்பழம் எறிகின்றான். அதைப் பிடித்தால் பிள்ளை பிறக்குமென்று கீழே ஈரப்புடவையோடு பெண்கள் காத்திருக்கின்றார்கள். அந்த உயரத்தில் நின்று பாட்டைத் தவறாமல் பாடுகிறவனுடைய திறமையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பற்றி, மலடு என்று ஏசப்பட்ட அந்தப் பெண்களின் காது கேட்கும்படி பரிகாசம் செய்யவேண்டாம். பரிசோதனைக்கு டாக்டரிடம் போக மறுத்துவிட்டு அவளை ஈரத்துணியோடு நிறுத்தியிருக்கிற புருஷனைப் பார்த்துச் சொல்லவேண்டிய வார்த்தை அது.

தீமிதியைப் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மழுப்பக்கூடாது. நம் பாட்டிமார் அடுப்பிலிருந்து தவறி விழுந்த தணலை விரலால் சட்டென்று எடுத்து உள்ளே போடுவதைப் பார்த்திருக்கின்றோம். அதே அடுப்பில் காய்ந்த இரும்புக் கரண்டியைத் தொட்டால் உடனே கொப்பளித்துவிடும். கரியும் அதன்மேல் படிந்த சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். இரும்பு விரைவாகக் கடத்தும். நிற்காமல் நடந்தால் ஒவ்வொரு அடியும் தணலில் படுகிற நேரம் மிகவும் சொற்பம். சங்கதி இவ்வளவுதான். 1935-இல் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் என்பவர் குதா பக்ஸ் என்ற இந்தியரைத் தீக்குழியில் நடக்கச் செய்து, கூட விஞ்ஞானிகளை வைத்துக்கொண்டு பரிசோதித்தார். அதன் பின் 1937-இல் நடந்த பரிசோதனைகளில் விரதமும் மந்திரமும் இல்லாத வெள்ளைக்காரர்களும் நடந்து காட்டினார்கள். நிதானம் தப்பினாலும், தடுக்கி விழுந்தாலும், தணலில் நின்றுவிட்டாலும் எந்த அம்மனும் காப்பாற்றுவதில்லை என்பதை ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் சொல்லுவார்கள். பெரியவர்கள் நடப்பது அவர்கள் இஷ்டம். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறவனைத் தடுக்கவேண்டியது பக்கத்திலிருக்கிற ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.

இவ்வளவுக்கும் மேலான விஷயம் ஒன்றிருக்கின்றது. பாய் எங்கே விரிக்கப்படுகின்றது என்பதே அது. விழுப்புரம் ஜில்லா மேல்பாதியில் 2023 ஏப்ரலில் தருமராஜா திரௌபதியம்மன் கோவில் விழாவின்போது உள்ளே வந்த ஆதித்திராவிட வாலிபர்கள் தாக்கப்பட்டு, ஜூன் மாதத்தில் அதிகாரிகள் கோவிலையே பூட்டி முத்திரை வைக்கும்படி ஆயிற்று. அதே வருஷம் ஜனவரி 30-இல் நம் திருவண்ணாமலை ஜில்லா தென்முடியனூரில் ஆதித்திராவிடர்கள் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் போவதற்குக் கலெக்டரும் போலீஸ் பட்டாளமும் கூடவே வரவேண்டியிருந்தது. கோவிலுக்குள் போனால் என்ன லாபம் என்று நம்மைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவோம். ஆனால், தெருவும் கூத்துக் களரியும் பொது இடம். அங்கே ஒருவனைத் தள்ளி உட்காரச் சொல்லுகிறவனுக்கு எந்த அம்மனும் பட்டா எழுதிக்கொடுத்துவிடவில்லை. பஞ்சபாண்டவருக்கு ஒரே பெண்டாட்டி என்பதைச் சகித்துக்கொள்கிற ஊர், பக்கத்துத் தெருக்காரனோடு ஒரே பாயில் உட்காருவதைச் சகிக்கவில்லை என்றால் இதை என்னவென்று சொல்லுவது?

அப்படியானால் அந்த மாதிரி ஊர்களுக்குப் போகாமலே இருந்துவிடலாமே என்று சில தோழர்கள் சொல்லுகின்றார்கள். போகாமலிருந்தால் யாருக்கு நஷ்டம்? உட்காரும் இடம் இரண்டாகப் பிரிந்திருக்கிற ஊரில், நம் பாயைக் கொண்டுபோய்த் தள்ளி உட்கார வைக்கப்பட்டவர்களோடு விரிக்கவேண்டும். பெண்டு பிள்ளைகளோடு விரிக்கவேண்டும். தனியாய்ப் போகிற ஆண்பிள்ளையை ஊரார் ஏதோ கட்சிக்காரன் என்று விட்டுவிடுவார்கள். குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்தால் அது பத்துப் பிரசங்கத்துக்குச் சமானம். "ஏனப்பா இங்கே உட்காருகின்றோம்?" என்று பிள்ளை கேட்கும். அதற்குச் சொல்லுகிற பதில் அதன் மனதிலேயே நின்றுவிடும்.

வசதியுள்ளவர்கள் விடுமுறையில் இன்னொன்றும் செய்யலாம். போளூரிலிருந்து சவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் பஸ் போகின்றது. அங்கே சர்க்கார் நடத்திவரும் கோடை விழாவின்போது போனால் பீமன் மடவு அருவியையும் பார்த்துக்கொள்ளலாம். (அருவிக்கும் பீமனுக்கும் என்ன சம்பந்தமென்று பிள்ளைகளே கேட்கட்டும்.) அதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1977-இல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்களிருப்பதைக் கவனித்த இடங்களில் அதுவும் ஒன்று. சனிக்கிழமைகளில் பொது ஜனங்களைப் பார்க்க விடுவது வழக்கம். முன்னதாக விசாரித்துக்கொண்டு, மேகமில்லாத நாளாகப் பார்த்துப் போகவேண்டும். நவக்கிரகத்தைச் சுற்றி எள் விளக்குப் போட்ட பிள்ளைக்குச் சனியைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் காட்டிவிட்டால் அப்புறம் அதற்குச் சோதிடக்காரனால் ஆகக்கூடியது ஒன்றுமிராது.

கடைசியாக ஒரு கணக்கு. பகலெல்லாம் கழனி வேலையும் கூலி வேலையும் செய்துவிட்டு இரவில் வேஷம் கட்டுகிற கூத்தாடிகள் அநேகர். மழைக்காலத்தில் அவர்களுக்கு ஆட்டமில்லை. கூத்துக்கு நடுவில் தட்டு வரும்போது பத்து ரூபாயைப் போட்டுவிட்டு, விடிந்ததும் உண்டியலில் நூறு ரூபாயைப் போடுகிறவர்களைப் பார்க்கின்றோம். விடிய விடிய ஆடினது உண்டியலா? அந்த நூறு ரூபாயைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அரிதாரம் கலைத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு அனுப்பி, கட்டியங்காரன் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிற துரியோதனனையும் அங்கே பிள்ளை பார்த்துவிட்டு வரட்டும்.