சென்னையின் மேடு பள்ளம் யாருக்குத் தெரியும்?

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் கிளம்பியபோது, டொரன்டோவில் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே கொண்டாட்டம். "இனிமே சென்னையில எந்தத் தெரு மூழ்கும்னு வானத்துல இருந்தே சொல்லிடலாம்" என்று ஒரு நண்பர் போட்டார். அவ்வளவு சுலபமில்லை. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார், 12 நாளுக்கொரு முறை அதே இடத்தைப் பார்த்து, நிலம் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது, நகர்ந்தது என்று சொல்லும். அந்தத் தெரு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

அதற்கும் விண்வெளியிலிருந்து பதில் உண்டு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ஒரு ரேடார் ஆன்டெனாவை உள்ளேயும், இன்னொன்றை 60 மீட்டர் கம்பத்தின் நுனியிலும் வைத்துக்கொண்டு, 11 நாளில் உலக நிலப்பரப்பில் பெரும்பகுதியை அளந்தது. 2005 மே 5 அன்று இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-1 செய்தது இன்னும் எளிய வேலை. ஒரு கேமரா 26 டிகிரி முன்னோக்கி, மற்றொன்று 5 டிகிரி பின்னோக்கி. நம் இரண்டு கண்கள் தூரத்தைக் கணிப்பது மாதிரி, ஒரே இடத்தின் இரண்டு படங்களிலிருந்து உயரம் கிடைத்துவிடும். அந்தத் தரவு புவன் தளத்தில் இலவசம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இது தாராளம். சென்னைக்கு? ஊரின் சராசரி உயரமே ஆறேழு மீட்டர்தான். இந்த வரைபடங்களின் பிழையே சில மீட்டர் வரும். போதாததற்கு, செயற்கைக்கோள் பார்ப்பது மொட்டை மாடியையும் மரத்தின் உச்சியையும்தான், தரையை அல்ல. பள்ளிக்கரணை பக்கம் இதை வைத்து நீரோட்டம் வரைந்தால், அடுக்குமாடிகள் குன்று மாதிரி நிற்கும்; தண்ணீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடும்! வேளச்சேரியில் வெள்ளம் வாசலோடு நிற்குமா, கட்டில் வரை வருமா என்பதைத் தீர்மானிப்பது வெறும் அரை மீட்டர்.

அந்தத் துல்லியத்துக்கு விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளக்கும் லைடார் வேண்டும். கிளைகளின் இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும் கதிர்கள் அதற்கு உதவும். கனடா அரசு இந்தத் தரவைச் சும்மாவே தருகிறது. டொரன்டோவில் முகவரியைப் போட்டு, வீடு வெள்ளப் பகுதியில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். 1954 அக்டோபரில் ஹேசல் புயல் 81 பேரைக் கொன்ற பிறகு வந்த புத்தி இது. அன்று ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர் இறந்தார்கள். அந்த இடம் இப்போது பூங்கா. அதற்காக இங்கே வெள்ளமே வராது என்றில்லை. 2024 ஜூலை 16 அன்று டான் வேலி நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. ஆனா, வீடு வாங்குறவருக்கு முன்னாடியே தெரியும்.

பாதுகாப்புக் காரணம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியிலேயே மத்திய அரசு, இந்திய நிறுவனங்கள் எவ்வளவு துல்லியமாகவும் வரைபடம் தயாரிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. ஆக, கட்டுமான நிறுவனம் காசு கொடுத்து நிலத்தை அளந்துகொள்ளலாம். அங்கே கடன் வாங்கி ஃபிளாட் வாங்கும் குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. 2015 டிசம்பரில் முதல் மாடிக்கு ஓடியவர்கள் அப்படி வாங்கியவர்கள்தானே?

சி.எம்.டி.ஏ. மூன்றாவது மாஸ்டர் பிளானைத் தயாரித்து வருகிறது. சர்வே எண்ணைத் தட்டினால் தரையின் உயரம் தெரியும்படி ஒரு வரைபடத்தையும் அதோடு சேர்த்து வெளியிடட்டும்.