அரைப்பாங்க, ஆவியாகும்

அத்திப்பட்டு புதுநகரில் ரயிலை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்தான். முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி கன்வேயர் பெல்ட் வழியாக இங்கே வந்து சேர்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உற்பத்தி முறை என்பது அன்றாடம் கண்ணால் பார்க்கிற விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டில் நாலைந்து பேர் ஆங்கிலம் எழுதப் பழகுகிறார்கள். வெளிநாட்டில் மேல்படிப்புக்காக ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வு எழுத இருப்பவர்கள். அதன் எழுத்துத் தாளில் முதல் கேள்விக்கு 150 சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டும். அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். பல நேரம் வரைபடமோ அட்டவணையோ வரும். சில நேரம் ஒரு பொருள் எப்படித் தயாராகிறது என்று அம்புக்குறி போட்ட படம் வரும். அந்தப் படத்தைக் கண்டால்தான் பிள்ளைகள் நடுங்குகிறார்கள்.

போன வாரம் ஒரு தம்பியிடம் மின்சாரம் தயாராகும் விதத்தை எழுதச் சொன்னேன். பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு நிலக்கரி கையாளும் பிரிவில் ஒப்பந்த வேலை பார்ப்பவர். ‘த கோல் வில் க்ரஷ்’ என்று எழுதினார். அடுத்த வரியில் ‘த ஸ்டீம் இஸ் ரைஸ்’ என்றார். ‘இஸ்’ வேண்டிய இடத்தில் இல்லை. வேண்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

“பேனாவைக் கீழே வை தம்பி. வாயால சொல்லு” என்றேன்.

“கப்பல்ல வர்ற கரி பெல்ட்டுல ஏறி வரும் சார். க்ரஷர்ல உடைப்பாங்க. பங்க்கர்ல நிரப்புவாங்க. மில்லுல மாவா அரைப்பாங்க. சூடான காத்தோட பாய்லருக்குள்ள போய் எரியும். தண்ணி ஆவியாகும். அந்த வேகத்துல டர்பைன் சுத்தும், நிமிஷத்துக்கு 3000 சுத்து. அப்புறம் ஆவி கண்டென்சர்ல குளிர்ந்து மறுபடி தண்ணியாயிடும்.”

ஒரு பிசிறில்லை. தேர்வுக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் அதில் இருந்தது.

அவர் சொன்ன வினைகளைப் பிரித்துப் பாருங்கள். உடைப்பாங்க, நிரப்புவாங்க, அரைப்பாங்க என்பவை ஒரு வகை. யார் உடைப்பார்கள்? பெயர் இல்லை, தேவையும் இல்லை. இந்த ‘ஆங்க’தான் நம் பேச்சுத் தமிழின் செயப்பாட்டு வினை. ஆங்கிலத்தில் இவையெல்லாம் ‘இஸ் க்ரஷ்டு’ போல வர வேண்டும். எரியும், ஆவியாகும், சுத்தும் என்பவை இன்னொரு வகை. இவை பொருளுக்குத் தானாக நடப்பவை. இங்கே ‘இஸ்’ சேர்த்துச் செயப்பாட்டு வினையாக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் உலோகம் உருகினாலும் மெல்ட், நாம் உருக்கினாலும் மெல்ட். தமிழ் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது: உருகு, உருக்கு, நிரம்பு, நிரப்பு, ஏறு, ஏற்று, சுழல், சுழற்று. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான். சந்தேகம் வந்தால் ‘படுகிறது’ சேர்த்துப் பாருங்கள். நிரப்பப்படுகிறது, ஏற்றப்படுகிறது என்றால் காது ஏற்கிறது. நிரம்பப்படுகிறது, ஏறப்படுகிறது என்றால் காது தள்ளிவிடுகிறது. காது ஏற்கிற இடத்தில் ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை. தள்ளுகிற இடத்தில் சாதாரண வினை. பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை பொய்ப்பதில்லை.

ஆளை விட்டுவிட்டுப் பொருளை முன்னிறுத்திப் பேசுவது நமக்குப் புதிதும் அல்ல. திண்ணையை யாரோ மெழுகியிருக்க, திண்ணையே மெழுகியதுபோலச் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியச் சொல்லதிகாரமே ஏற்றுக்கொள்கிறது.

அந்தத் தம்பி எழுதிய ‘வில்’லும் தமிழிலிருந்து வந்ததுதான். தினமும் நடப்பதை நாம் எதிர்கால வடிவில் சொல்கிறோம்: கரி வரும், உடைப்பாங்க, தண்ணி ஆவியாகும். ஆங்கிலத்தில் அதற்கு நிகழ்காலம். இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் ஒரே நாளில் திருத்திக்கொள்கிறார்கள். ‘தப்பு’ என்று சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தால் மாதக்கணக்கில் திருந்துவதில்லை.

மற்றவை எளிது. தொடக்கத்தில் இரண்டு வரி: மொத்தம் எத்தனை கட்டம், எதில் தொடங்கி எதில் முடிகிறது. பிறகு வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக. ‘தென்’, ‘தென்’ என்று அடுக்காமல் ‘ஆஃப்டர் திஸ்’, ‘ஒன்ஸ்’ என்று மாற்றி மாற்றி. சொந்தக் கருத்து எதுவும் வேண்டாம்.

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் தமிழ் பேசாதே என்று பலகை மாட்டுவதை நிறுத்துங்கள். அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், தேர்வுத் தாளில் வரும் படங்களைவிடச் சிக்கலான இயந்திரங்களோடு பழகுகிறவர்கள். தெரிந்ததை முதலில் தமிழில் முழுதாகச் சொல்ல விடுங்கள். அந்தத் தம்பி அன்றே மறுபடி எழுதினார். 160 சொல் வந்தது. ‘இஸ்’ ஒரே ஓர் இடத்தில்தான் தவறியிருந்தது.