எஞ்சினைத் திறக்குமுன்

பழைய பொருளைச் செப்பனிட்டு மீண்டும் உழைக்க வைப்பதில் கொல்கத்தா நகரத்தார் வல்லவர். உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோயிற்று. ஆயினும் அதன் உறுப்புகளைத் தேடி மல்லிக் பஜாருக்குச் செல்வோர் இன்றும் உளர். பழைய எஞ்சினைப் புதுப்பிக்க எண்ணும் அன்பர்களுக்கு நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறோம்.

1986ஆம் ஆண்டில், கணவரை இழந்த நம் அண்டை வீட்டு அம்மையார், கழித்துவிடப்பட்ட அம்பாசிடர் ஆம்புலன்ஸ் வண்டியொன்றை ஏலத்தில் எடுத்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்று பிழைக்கலாம்; மூத்த மகன் ஓட்டுவான் என்பது அவர் எண்ணம். எஞ்சினை முழுதும் பிரித்து, பிஸ்டன் வளையங்களும் பேரிங்குகளும் புதியனவாக இட்டார்கள். தையல் வேலையில் சேர்த்த பணம் அத்தனையும் கரைந்தது. பள்ளி திறக்க நான்கே நாட்கள், வண்டியோ கிளம்பவில்லை. கைப்பிடியைச் சுழற்றினால் கார்புரேட்டர் வழியே வெடித்துச் சீறியது.

"எஞ்சினை மறுபடியும் இறக்க வேண்டும்" என்றார் மிஸ்திரி. அம்மையார் கைவளையைக் கழற்றலானார். நாம் தடுத்து, மல்லிக் பஜாரில் பழக்கமான முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம்.

அவர் ஒரு திருகாணியையும் தளர்த்தவில்லை. முதலில் பிளக்கில் தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வந்து சேர்கிறதா, நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். மூன்றும் சரியாகவே இருந்தன. "எஞ்சின் நலம், நேரந்தான் தவறியிருக்கிறது" என்றார்.

பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை பெட்ரோல் கலவையை அழுத்திக்கொண்டு, மறுமுறை புகையை வெளியே தள்ளிக்கொண்டு. அழுத்தம் முடியும் தறுவாயில்தான் பொறி விழவேண்டும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றித் துளையை விரலால் மூடி, கைப்பிடியை மெல்லச் சுழற்றச் சொன்னார். காற்று விரலைத் தள்ளியது. பிஸ்டன் உச்சிக்கு வந்தது. அப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், முதல் சிலிண்டரைக் காட்டவேண்டிய ரோட்டார் நான்காவதைக் காட்டி நின்றது! மீண்டும் பூட்டியபோது நேர்மாறாக வைத்துவிட்டார்கள். 1-3-4-2 என்னும் வரிசை மாறாமல், நான்கு கம்பிகளையும் எதிர்ப்புறத்துக்கு மாற்றினார். அடுத்த சுழற்சியில் எஞ்சின் உயிர்பெற்றது.

முதல் மிஸ்திரி பொய்யரல்லர், அவசரக்காரர். புதிதாகக் கட்டிய எஞ்சின் கிளம்பாவிடில், கடைசியாகக் கைவைத்த இடத்தையே முதலில் சோதிக்க வேண்டும். பொறி, எரிபொருள், அழுத்தம், நேரம் ஆகிய நான்கையும் பார்க்குமுன் எஞ்சினைத் திறக்க இசையாதீர்கள். கிளம்பிய பின்னும் முதல் 800 கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

பள்ளி திறந்த அன்று வண்டி வாசலில் நின்றது. வளையும் அம்மையார் கையிலேயே இருந்தது.