மருந்துப் பிரதிநிதியாக விரும்பும் மகன்

கொல்லிமலையின் வளவந்திநாட்டிலிருந்து ஒரு தாய் தம் மகனுடன் சென்ற மாதம் என்னைக் காண வந்திருந்தார். மகன் வேதியியலில் பட்டம் பெற்று ஓராண்டு ஆகிறது. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை வாங்கித் தருவதாகக் கூறிய ஒருவர், முன்பணமாக முப்பதாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். விலை ஏறட்டும் என்று வீட்டில் வைத்திருக்கும் மிளகு மூட்டைகளை உடனே விற்றுவிடலாமா என்பதே அத்தாயின் கேள்வி.

“விற்க வேண்டாம், அம்மா” என்றேன். நேர்மையான கம்பெனி எதுவும் வேலை தேடி வருபவரிடம் பணம் கேட்பதில்லை. கேட்ட இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். விற்பனைப் பிரதிநிதிகளுக்கென 1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமே எழுத்து வடிவில் நியமனக் கடிதம் தரவேண்டுமென்று விதித்தது. பணியிடப் பாதுகாப்புக்கான 2020-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பும் அதையே கூறுகிறது. ஊதியம், பணிபுரியும் ஊர், பயணப்படி ஆகியவற்றை அக்கடிதத்தில் படித்தறிந்த பின்னரே வேலையில் சேர வேண்டும்.

பிறகு தம்பியின் தன்விவரக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். மூன்று பக்கங்கள்! கணினி மையத்தில் யாருடைய குறிப்பையோ பார்த்து அச்சிட்டிருக்கிறார்கள். உயரம், எடை, பொழுதுபோக்கு எல்லாம் இருந்தன. கிரிக்கெட் ஆடுவாராம், கேட்டால், ஆடுவதில்லை என்கிறார். முகவரியோ நாமக்கல்லில் உள்ள மாமா வீட்டினுடையது. “மலைக்காரன் என்றால் எடுக்கமாட்டார்கள் என்று சொன்னார்கள், ஐயா” என்று தலைகுனிந்து கூறினார். எனக்கு வருத்தமாக இருந்தது. தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்து உலகப்புகழ் பெற்ற மருத்துவர் பால் பிராண்ட், 1914-இல் பிறந்தது இதே கொல்லிமலையில்தான். அதை மறைக்க வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை.

பேசப் பேச, எழுதாமல் விட்டவை வெளிவந்தன. கல்லூரி விடுமுறைகளில் செம்மேட்டில் ஒரு மருந்துக் கடையில் உதவியாளாக இருந்திருக்கிறார். மருந்துகளின் காலாவதித் தேதி பார்த்து அடுக்குவதும், தீர்ந்துபோனவற்றைக் குறித்து மொத்த வியாபாரிக்குத் தெரிவிப்பதும் அவர் வேலை. இருசக்கர வண்டி ஓட்ட உரிமம் உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மழையிலும் பனியிலும் ஏறி இறங்கிப் பழகியவர். விற்பனை மேலாளர் தேடுவது இவற்றைத்தானே? ஒரே பக்கத்தில் இவற்றையும், படிப்பையும், தேர்ச்சி பெற்ற ஆண்டையும், சொந்த முகவரியையும் எழுதினால் போதும். பங்குத்தந்தையின் நன்னடத்தைச் சான்றிதழையும் இணைத்திருந்தார். அது இருக்கட்டும், ஆனால் தம் வேலையை நேரில் கண்ட கடைக்காரரின் பெயரை, அவர் இசைவு பெற்றுக் குறிப்பிடுவது அதிகம் பயன் தரும்.

இத்தொழிலைப் பற்றியும் சிலவற்றைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. கழுத்துப்பட்டையும் தோற்பையும் கண்டு மயங்கலாகாது. நோயாளிகள் அனைவரும் சென்ற பின், இரவு ஒன்பது மணிக்கு மருத்துவர் அழைக்கும்வரை நின்றிருக்க வேண்டும். கிடைப்பதோ இரண்டு நிமிடம். மாதந்தோறும் விற்பனை இலக்கு உண்டு. எட்டாவிட்டால் மேலாளரின் கடுஞ்சொல்லும் உண்டு. அந்த நெருக்கடியில்தான், மருத்துவருக்குப் பரிசுப்பொருள் கொடுத்துக் காரியம் சாதிக்கும் ஆசை எழுகிறது. மருத்துவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பரிசு தருவதை 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் மைய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறை விலக்கியிருக்கிறது. மருத்துவரைச் சந்திப்பதற்காகப் பணம் கொடுப்பதும் கூடாது. “இலக்கை எப்படி எட்டுவாய்?” என்று தேர்வில் கேட்டால், எத்தனை கடைகளுக்கும் மருத்துவர்களிடமும் தவறாமல் செல்வேன் என்று சொல்லலாம்.

மனிதர்க்கான மருந்து மட்டுமே மருந்து என்றும் எண்ண வேண்டாம். கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் கால்நடை மருந்துக் கம்பெனிகளுக்கும் பிரதிநிதிகள் தேவை. வீட்டில் ஆடுமாடு வளர்த்தவருக்குப் பண்ணைக்காரரோடு பேச்சு எளிதாக வரும். தம்பி இதை நினைத்தே பார்த்ததில்லை.

ஆங்கிலம்தான் அவருக்குப் பெரிய அச்சம். ஒரு வழி கூறினேன். பாரசிட்டமால் போன்ற, எல்லாரும் அறிந்த மருந்தொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். எதற்குத் தருவது, எவ்வளவு தருவது, அளவு மீறினால் கல்லீரலுக்கு என்ன கேடு என்பவற்றை எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியங்களாக எழுதி, உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். முதலில் தாயிடமே தமிழில் விளக்கிப் பார்க்கட்டும். அவருக்குப் புரியவில்லையென்றால் மகனுக்கே இன்னும் புரியவில்லை என்று பொருள்.

புதிய குறிப்பை அன்றே எழுதி முடித்தோம். இம்மாதக் கடைசியில் சேலத்தில் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வு இருக்கிறது. காலை பத்து மணிக்கு அங்கே இருக்கவேண்டும். மலைப்பேருந்தை நம்பாமல், முந்தைய நாளே இறங்கி மாமா வீட்டில் தங்கிக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பினேன். மிளகு மூட்டைகள் வீட்டிலேயே இருக்கின்றன.