செட்டா, தனித்தனியா?



அம்மா விட்டுப்போன பவுன் காசுகளை மொத்தமாகக் கொடுப்பதா, ஒன்றொன்றாக விற்பதா என்று ஒரு சகோதரி இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். 'மொத்தமாகவே கொடுங்கள், செட்டாக இருந்தால்தான் மதிப்பு' என்று இரண்டு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதால் எழுதுகிறேன்.

என் மாமியார் 2019ல் காலமானார். அவருடைய சுருக்குப்பையில் ஒன்பது காசுகள் இருந்தன. எல்லாம் பழைய இங்கிலீஷ் பவுன். தீபாவளிக்குத் தீபாவளி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி வைப்பார். பங்கு என் கணவருக்கும் இரண்டு நாத்தனார்களுக்கும். 2022ல் எங்கள் பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டியிருந்தது. 'ஆளுக்கு மூணு எடுத்துக்கலாம் அண்ணி, முடிஞ்சுது' என்றாள் சின்னவள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அதற்கு முன்பு விலை கேட்போமே என்று ஒரு நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒன்பதையும் அள்ளித் தராசில் போட்டார். 'செட்டா இருக்கும்மா, மொத்தமா குடுத்தா நல்ல விலை போடறேன்' என்றார். கணக்கைப் பார்த்தால் வெறும் எடை, அதிலும் கழிவு. '72 கிராம் வரலையே, தேஞ்சிருக்கு' என்று ஒரு குறை வேறு! இங்கிலீஷ் பவுன் புதிதாக வரும்போதே 7.98 கிராம்தான், 22 காரட். நாம்தான் பவுன் என்றால் எட்டு கிராம் என்று முழுசாக வைத்துக்கொண்டோம். ஒன்பது காசுக்கு 71.9க்கு மேல் எங்கே வரும்? என் கணவர் கொடுத்துவிடலாம் என்றே சொன்னார். நான்தான் பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரி வெள்ளைத் துணி விரித்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினேன். விக்டோரியா ராணி இரண்டு. ஒன்றில் தலையில் குட்டிக் கிரீடம், இன்னொன்றில் முக்காடு போட்ட வயதான முகம். எட்வர்ட் ராஜா ஒன்று. மீதி ஆறும் ஜார்ஜ் ராஜா. பின்பக்கம் எல்லாவற்றிலும் குதிரை வீரன் நாகத்தைக் குத்துகிறான். அந்தக் குதிரைக்குக் கீழே, வருஷத்துக்கு மேலே தரையில், கடுகளவு ஓர் எழுத்து இருந்தால் அது எந்த ஊர் அச்சு என்று அர்த்தம். 'எஸ்' சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த். ஜார்ஜ் காசு ஒன்றில் 1918, அதன் மேலே 'ஐ'. அது நம் பம்பாயில் அடித்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியாவில் சவரன் அடித்தது அந்த ஒரே வருஷம்தான், ஏறக்குறைய 13 லட்சம் காசு. சேகரிப்பவர்கள் அதற்குத் தங்க விலைக்கு மேல் கொடுக்கிறார்கள்.

அப்போதுதான் மனசு ஒரு ஆட்டம் ஆடியது. ஆளுக்கு மூன்று என்று பேசியாகிவிட்டது. எந்த மூன்று என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காசை எங்கள் பங்கில் தள்ளிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. காலேஜ் பணமோ கண்முன்னே நிற்கிறது. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு நாத்தனார்களையும் வரச்சொல்லி, பூதக்கண்ணாடியை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னவள், 'இத்தனை நாள் ஏன் சொல்லலை?' என்று கேட்டாள். அதுவும் உண்டு!

இப்போது செட் விஷயம். நாணயசாலையே ஒரு பெட்டியில் வைத்து வெளியிட்டதுதான் செட். 1937ல் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டுக்கு ஐந்து பவுன், இரண்டு பவுன், ஒரு பவுன், அரைப் பவுன் என்று நான்கு தங்கக் காசுகளைப் பெட்டியோடு வெளியிட்டார்கள். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் ஒரு காசைக்கூடப் பிரிக்காதீர்கள், பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். நம் பாட்டிகள் சேர்த்தது அப்படியல்ல. கைக்குக் கிடைத்தபோது வாங்கி முடிந்து வைத்தது. அதை யாராவது 'செட்' என்றால், நல்ல காசை மற்றதோடு சேர்த்து ஒரே விலையில் அமுக்கப் பார்க்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நாணயக் கண்காட்சியில் ஒருவர் என்னிடமும் அப்படித்தான் ஆரம்பித்தார். 'பம்பாய்க் காசு மட்டும் தனியாக எவ்வளவு?' என்றதும் பேச்சு மாறியது.

அதற்காக எல்லாவற்றையும் ஒன்றொன்றாக விற்றாலும் லாபமில்லை. சாதாரண வருஷத்துக் காசுக்கு எடைதான் விலை, ஆறு கடை ஏறி இறங்கினால் பஸ் செலவுதான் மிச்சம். எங்களுடையதில் இரண்டு, காசு மாலைக்காக வளையம் பற்றவைத்தவை. பற்றவைத்த காசை சேகரிப்பவர் சீண்டுவதில்லை. மெருகு போட்டதும் அப்படியே. எந்தப் புண்ணியவானாவது 'பாலிஷ் போட்டுக் குடுங்க' என்றால் கேட்காதீர்கள். (மாமியாரின் பூந்திக்கொட்டை ஏதோ தப்பித்தது.)

கடைசியில் 1918ஐத் தனியாக விற்றோம். வளையம் வைத்த இரண்டு, சாதாரணம் நான்கு, ஆக ஆறையும் வேறொரு கடையில் மொத்தமாக எடைக்குக் கொடுத்தோம். இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ரொக்கமாகத் தருகிறேன் என்றார்கள். 2017 முதல் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது, வாங்கினவருக்குத்தான் அபராதம். பேங்கில் போடச் சொன்னேன். மூன்றாகப் பிரித்ததில் காலேஜ் பணத்துக்கு முழுசாகக் காணவில்லை. மீதிக்கு என் வளையல் ஒன்று அடகுக்குப் போனது, திருப்பியாச்சு.

விக்டோரியா இரண்டும் இன்னும் லாக்கரில் இருக்கின்றன. பெரியவளின் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். 'குடுங்க அத்தை, லண்டன்ல வித்துடறேன்' என்கிறான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை 1972ம் வருஷச் சட்டப்படி நாம் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று சொல்லியிருக்கிறேன். சின்னவள் இரண்டையும் சேர்த்தே விற்கலாம் என்கிறாள். பெரியவள் முக்காடு ராணியை மட்டும் கேட்கிறாள், அம்மா ஜாடையாம். காசு இரண்டு, பங்கு மூன்று. ஆடிக்கு எல்லாரும் வருகிறார்கள், அப்போது பேச வேண்டும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்