கசப்பு இலையில் இல்லை!

‘உடம்புக்கு நல்லது’ என்று ஜப்பானிய கிரீன் டீ வாங்கி, ஒரே வாய் குடித்ததும் ‘வேப்பிலைக் கஷாயம் மாதிரி இருக்கே!’ என்று ஓரங்கட்டியவர்கள் பலர். பெரும்பாலும் குற்றம் இலையில் இல்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தண்ணீரில்தான்!

ஜப்பானில் அன்றாடம் குடிப்பது ‘சென்சா’. பறித்த இலையை உடனே ஆவியில் வேகவைத்து, உருட்டி, உலர்த்துவார்கள். அதனால்தான் பச்சை நிறமும் பசுமையான மணமும் அப்படியே தங்குகின்றன. உஜி பகுதியில் நகதானி சோயென் என்பவர் 1738-ல் உருவாக்கிய முறை இது.

இலையில் கசப்பும் துவர்ப்பும் தருபவை கேட்டச்சின், கஃபீன். இதமான சுவை தருவது தியானின் என்ற அமினோ அமிலம். தியானின் மிதமான சூட்டிலேயே இறங்கிவிடும். மற்ற இரண்டும் சூடு ஏற ஏற அதிகமாக இறங்கும். கொதிநீர் ஊற்றினால் கசப்பு முந்திக்கொள்வது இதனால்தான்.

இரண்டு பேருக்கு 4 கிராம் இலை, அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன் போதும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முதலில் இரண்டு சிறிய கப்களில் ஊற்றுங்கள். அளவும் சரியாக வரும், சூடும் தணியும். சில நிமிடங்களில் 70 முதல் 80 டிகிரிக்கு வந்ததும் இலையில் ஊற்றி மூடுங்கள். ஒரு நிமிடம் போதும். பிறகு இரண்டு கப்களிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் அடுத்த முறை கசக்கும்.

பால், சர்க்கரை வேண்டாம். முதல் வாயை நாக்கில் சற்று நிறுத்துங்கள். முதலில் லேசான இனிப்பு, பிறகு ‘உமாமி’ எனும் நிறைவான சுவை, கடைசியில் மெல்லிய துவர்ப்பு. அதே இலையில் இன்னும் சற்றுச் சூடான நீரை ஊற்றி, 10 - 15 விநாடிகளில் வடித்தால் இரண்டாவது கப் ரெடி.

வறுத்த இலையான ‘ஹோஜிசா’வுக்கு மட்டும் கொதிநீரே ஊற்றலாம்.

ஒரு எச்சரிக்கை: சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பருப்பு, தானியங்களில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது. கஃபீன் இருப்பதால், எவ்வளவு குடிக்கலாம் என்பதைக் கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.