மாநாடு என்றால் ஏன் ஹைதராபாத்?

மருந்து, பயோடெக் மாநாடுகள் ஹைதராபாத்தை ஏன் தேடிப் போகின்றன? பிரியாணி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை! மாதாப்பூரில் 2006-ல் திறந்த ஹெச்.ஐ.சி.சி அரங்கமும் பெரியதுதான். ஆனால் பெரிய அரங்கம் எந்த ஊரிலும் கட்டலாம். ஜீனோம் வேலியை அப்படிக் கட்டிவிட முடியாது. கோவேக்சின் உருவானது அங்கேதான். 2020 டிசம்பரில் 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் தூதர்கள் ஹைதராபாத் வந்து, தடுப்பூசி ஆலைகளையே நேரில் பார்த்தார்கள். மேடையில் கேட்டதை ஆலையில் சரிபார்க்கலாம் என்பது வாங்க வருபவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அதைவிட லாபம், உள்ளூர் ஸ்டார்ட்அப்களுக்கு. விமான டிக்கெட், ஹோட்டல் வாடகை எதுவும் இல்லாமல், ஆண்டுதோறும் நடக்கும் பயோஏசியாவில் முதலீட்டாளரை எதிரிலேயே பிடிக்கலாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்திப்பே பெரும் செலவு. பயோடெக் படித்துவிட்டு வேலை தேடுபவர்களும் இந்த மாநாட்டுத் தேதியைக் குறித்துவைக்கலாம். மாலை விமானம் என்றால் மட்டும் மாதாப்பூர் டிராஃபிக்குக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.